அரைக் கத்திரிக்கோல்

இந்தக் கதையில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. இப்போது இல்லை. அது ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டவராயனின் மீசையைப் பாருங்கள்.

நல்ல மீசை. தங்கை அஞ்சுகத்தின் கல்யாணப் போட்டோவுக்காகவே ஆடி மாதத்திலிருந்து எண்ணெய் தடவி வளர்த்தது. பெண்ணுக்கு அண்ணன் என்றால் எல்லாப் படத்திலும் நிற்க வேண்டுமே! அதோடு, மணமேடை ஜோடனை முழுக்கத் தன் கையால்தான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மார்தட்டியிருந்தான். காகிதப் பூ, மணிச்சரம், ஜிகினாத் தோரணம். சாமானெல்லாம் வாங்கி வைத்தாயிற்று. உதவிக்குச் சிங்காரம், உத்தண்டி என்று இரண்டு பேர். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதையும் அன்றைக்கு யார் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மங்கை டீச்சர் வந்தார்.

"தம்பிகளா, புயல்ல நம்ம வாசகசாலைக் கூரை பறந்துடுச்சு இல்லையா, அதுக்கு நிதி திரட்டறோம். உங்களுக்குப் பயன்படாத கைவேலைச் சாமான் இருந்தா ஒரு பெட்டியில போட்டு ஒட்டிக் கொடுங்க. சந்தையில மர்மப் பெட்டின்னு விக்கப்போறோம். பயன்படாதது மட்டும்தான், என்ன? பயன்படறதைக் கொடுத்துட்டுக் கஷ்டப்படாதீங்க."

டீச்சர் போனதும் மூவரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்தார்கள்.

"நம்மகிட்ட இருக்கறதெல்லாம் பயன்படுதேண்ணே," என்றான் சிங்காரம், அழாக்குறையாக.

"அதுக்காக? தர்மம்னு வந்தவங்களுக்கு இல்லேன்னு சொல்றதா?" என்றான் தாண்டவராயன்.

உத்தண்டி மோட்டுவளையைப் பார்த்தான். "பயன்படாம ஆக்கிட்டா?"

தாண்டவராயன் அவனை எழுந்து கட்டிக்கொண்டான்.

பசை டப்பாவைத் திறந்து வெயிலில் வைத்தார்கள்; காய்ந்தபின் அதில் தேங்காய் உடைக்கலாம். நூல்கண்டை உத்தண்டி காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து சிக்காக்கினான், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மணிகளைச் சிங்காரம் கடுகோடு கலந்தான். காகிதமும் ஜிகினாவும் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் கூழாகி வந்தன. புதுக் கத்திரிக்கோல்தான் எதற்கும் மசியவில்லை. கடைசியில் தாண்டவராயன் திருகாணியைக் கழற்றி, ஒரு பாதியைப் பெட்டியில் போட்டான். மறுபாதியைத் திருகாணியோடு இடுப்பில் செருகிக்கொண்டான்.

"பாதிக் கத்திரிக்கோல் எவனுக்குடா பயன்படும்? டீச்சர் மனசு குளிர்ந்துடும்!"

கல்யாணத்துக்கு முதல் நாள் ஜோடனைக்கு உட்கார்ந்தபோதுதான், வீட்டில் ஒரு முழ நூல்கூட இல்லை என்று தெரிந்தது.

"பயப்படாதீங்கண்ணே," என்றான் சிங்காரம். "டீச்சர் சந்தையில பெட்டி பெட்டியா கைவேலைச் சாமான் விக்கறாங்களாம்!"

ஓடினார்கள். வந்தவர்களெல்லாம் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தது.

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காமத்தான் வாங்கணும்," என்றார் டீச்சர்.

உடனே மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். சிங்காரம் பக்கத்துக் கடை மோர்ப்பானையைத் தூக்கினான். உத்தண்டி மோர்க்காரரையே தூக்கினான். தாண்டவராயன்தான் தடவித் தடவிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதுதான்டா! தொட்டதும் போன ஜென்மத்து உறவு மாதிரி இருக்கு!"

இனி நீங்கள் சிரிக்கலாம். இல்லை, பொறுங்கள். வீட்டுக்கு வந்து இப்போதுதான் டேப்பைப் பிரிக்கிறான்.

பிரித்தான். பார்த்தான்.

"அடப்பாவி! கூரை போடக் கேட்டா இப்படியாடா குப்பையை அள்ளிக் கொடுப்பான்? நாளைக்கு மேடை மொட்டையா நிக்குமேடா! என் மானமே போச்சு!" மீசையை முறுக்கினான். "இதைக் கொடுத்தவன் மட்டும் கையில கெடைக்கட்டும். அவன் மீசையில பாதியை எடுக்கலேன்னா நான் அஞ்சுகத்துக்கு அண்ணனே இல்ல! டேய், நானே மறந்தாலும் நீங்க விடக்கூடாது!"

"விடமாட்டோம்ண்ணே!" இருவரும் சூடம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

விசாரணை தொடங்கியது. உத்தண்டி நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது சாதாரண ஆளு போட்ட சிக்கு இல்லண்ணே. சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து போட்டிருக்கான். தொழில் தெரிஞ்சவன்."

சிங்காரம் கொஞ்சம் கடுகை எடுத்து மென்றான். "நம்ம வீட்டுக் கடுகு மாதிரியே காரமா இருக்குண்ணே."

"திருட்டுப்பய! கடுகை வேற நம்ம வீட்டுலேர்ந்து எடுத்திருக்கான்!" என்று தாண்டவராயன் குதித்தான்.

குதித்த குதியில் இடுப்பிலிருந்த பாதிக் கத்திரிக்கோல் 'ணங்' என்று பெட்டிக்குள் விழுந்து, அங்கிருந்த பாதியின் பக்கத்தில் படுத்தது. மூவரும் குனிந்தார்கள்.

"அண்ணே! அச்சு அசல் ஜோடிண்ணே!"

தாண்டவராயன் திருகாணியைப் போட்டு முறுக்கினான். கச்சிதம்! முகம் தாமரையாக மலர்ந்தது.

"கடவுள் இருக்கார்டா! ஒரு பாதியை என் இடுப்புல வச்சு, மறுபாதியை இந்தப் பெட்டியில போட்டு…"

அங்கேயே நின்றான். திறந்த வாய் மூடவில்லை. பசையைப் பார்த்தான். சிக்கைப் பார்த்தான். உத்தண்டியைப் பார்த்தான். வலது கை மெல்ல மெல்ல மேலே போய் மீசையைப் பொத்திக்கொண்டது.

சிங்காரம் கத்திரிக்கோலை மிகவும் பணிவாகக் கையில் எடுத்தான். 'கிச்சுக் கிச்சு' என்று அருமையாகப் பேசியது.

"அண்ணே, இடது பக்கமா, வலது பக்கமா?"

தாண்டவராயன் நெடுநேரம் யோசித்தான்.

"போட்டோக்காரன் எந்தப் பக்கம் நிப்பான்னு கேட்டுட்டு வாடா."