முன்மலையில் ஊற்றிய குடம்

நெடுங்கோட்டு மலையடிவாரத்து ஏலக்காய் எஸ்டேட்டில் மூட்டை சுமந்தவர் மந்திரமூர்த்தி. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றுமுன் மலையுச்சி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார். உச்சி அங்கிருந்து தெரியாது. தாழ்ந்த முன்மலை அதை மறைத்து நிற்கும். இருந்தாலும் கும்பிடுவார்.

ஆண்டுதோறும் சித்திரையில் அடிவாரத்து ஓடையில் ஒரு குடம் மொண்டு, மூங்கில் காடும் அட்டை கடிக்கும் காடும் கடந்து, புல்மேடு ஏறி, உச்சிக் குகையிலுள்ள ஈசனுக்கு ஊற்றுவார். இருபத்தோரு குடம் என்பது வேண்டுதல். இருபது முடிந்திருந்தது. முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி ஏறினால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் இந்தச் சித்திரையிலும் கடைசிக் குடத்தை மொண்டு கிளம்ப நின்றார்.

எஸ்டேட் கங்காணி சங்குபாண்டி சிரித்தார்.

"மேலயே ஊத்துத்தண்ணி கெடக்குவே. அவருக்கென்ன தண்ணிப் பஞ்சமா?"

"ஊத்தும் அவருதுதான், ஓடையும் அவருதுதான் அண்ணாச்சி. சொமக்கது மட்டுந்தான் என்னுது."

அன்று மலையேற இருந்த சங்குபாண்டிக்கும் மற்றவர்களுக்கும் முன்பே தனியாகக் கிளம்பினார். புல்மேட்டில் மூடுபனி இறங்கியது. முன்மலையைத் தாண்டினால் ஒரு பள்ளம் வரும், அதில் இறங்கி ஏறினால்தான் உச்சி. வழியில் வந்த சிறு தாழ்வை அந்தப் பள்ளமென்று நினைத்துவிட்டார். பாறை இடுக்கைக் குகையென்று எண்ணி, அங்கே நின்ற கல்லைத் தடவி, ஈசன் பேர் சொல்லி, குடத்தைக் கவிழ்த்தார்.

பனி விலகியபோது உச்சி எதிரே நின்றது. அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"வெறும் பாறையக் குளிப்பாட்டிட்டீரேவே. ஈசன் அந்தா அங்கல்லா இருக்காரு," என்றார் சங்குபாண்டி.

"தெரியுது. காலு இதுக்கு மேல வராது. அவருன்னு நெனச்சுத்தான் ஊத்துனேன், அவருக்குத்தான் போயிருக்கும். நீங்க போயிட்டு வாங்க."

உச்சிக்கு அந்த ஒரு வழிதான். அன்று அவர்களுக்கு முன்னே யாரும் போகவில்லை. குகைவாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. சங்குபாண்டி அதைக் கையால் விலக்கி நுழைந்தார். தரை காய்ந்து புழுதியாகக் கிடந்தது. ஈசன் தலையிலிருந்து மட்டும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

கொண்டுபோன செம்பை ஊற்றாமலே அவர் திரும்பி வந்தார்.

"வே... நனைஞ்சிருக்குவே."

"வேற எங்க போவும் அண்ணாச்சி?"

சங்குபாண்டி குனிந்து முதுகைக் காட்டினார். "ஏறும்."

மூட்டை சுமந்தவரைக் கங்காணி சுமந்துகொண்டு மலையிறங்கினார். நனைந்த கல்லைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றுகூடக் கேட்காத அந்த அடியாரை நாமும் கும்பிடுவோம்.