வளை வேறு, கதவு வேறு

ஆவாரங்காட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது. அதன் பெயர் தொந்தியப்பன். மண் தோண்டுவதில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளே கிடையாது. காலையில் ஒரு வளை, மாலையில் ஒரு வளை என்று தோண்டித் தள்ளும். தோண்டிய வளைகளை மற்ற விலங்குகளுக்கு விற்றுத்தான் தொந்தியை வளர்த்தது. அதனால் காட்டில் எல்லோரும் அதை 'அண்ணாச்சி' என்றே கூப்பிட்டார்கள்.

வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் குளத்தங்கரை மேட்டில் அண்ணாச்சி மாதிரி வளை ஒன்று வைத்திருந்தது. அடடா, என்ன வளை! வழுவழுவென்று பூசிய சுவர். உள்ளே மெத்தென்று காய்ந்த புல். வாசலில் ஒரு கதவு! பனைநாரைப் பின்னி, களிமண் பூசி, வெயிலில் காயவைத்த கதவு. அதற்கு உள்பக்கமாகக் கருவேல முள்ளில் ஒரு தாழ்ப்பாள் வேறு.

"வாங்க, வாங்க! வந்து பாருங்க!" என்று பெருச்சாளி மேட்டில் நின்று கூவும். "கதவைச் சாத்தினா யானை வந்து முட்டினாலும் திறக்காது! சுவரைச் சுரண்டினா சுரண்டினவன் நகம்தான் தேயும்!"

அதே காட்டில் காதாயி என்று ஒரு முயல் இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். முயலுக்கு ஓடத் தெரியும், தோண்டத் தெரியாது. உயரமான புல்லுக்குள் குட்டிகளை ஒளித்துவைத்துத்தான் அது காலம் தள்ளியது. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. புல்லெல்லாம் காய்ந்தது. காய்ந்ததையும் ஆடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போய்விட்டன. மூன்று குட்டிகளும் வெட்டவெளியில் மூன்று கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒரு காட்டுப்பூனை தினமும் அந்தப் பக்கமாகச் 'சும்மா' நடந்து போனது. போகும்போதெல்லாம் நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டது.

முயல் மேட்டுக்கு வந்து மாதிரி வளையைப் பார்த்தது. கதவைத் திறந்து பார்த்தது. சாத்திப் பார்த்தது. அதன் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணாச்சி, இதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும்."

"இதே மாதிரிதான் தாயி! ஒரு குவியல் நிலக்கடலை கொண்டு வா. குவியல் என் தொந்தி உசரம் இருக்கணும்!"

நிலக்கடலை என்றால் காட்டுக்கு வெளியே வயலுக்குத்தான் போகவேண்டும். வயலில் ஒரு காவல் நாய். முயல் ஒன்பது நாள் ஓடியது. நாயும் ஒன்பது நாள் துரத்தியது. பத்தாம் நாள் குவியல் சேர்ந்தது. பெருச்சாளி அதன் பக்கத்தில் நின்று தன் தொந்தியை அளந்து பார்த்தது. பிறகு சரியென்று தலையாட்டியது.

மறுநாள் காலை வளை தயார். முயல் குட்டிகளோடு துள்ளிக்கொண்டு வந்தது. வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, கதவு எங்கே?"

"கதவா? கதவு தனி தாயி."

"தனின்னா?"

"வளை வேற, கதவு வேற. கதவுக்கு இன்னொரு குவியல்."

"என்னது! மாதிரி வளையில கதவோடதானே காட்டினீங்க?"

"காட்டினேன். கொடுக்கறேன்னு சொன்னேனா? கல்யாண வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கும். சாப்பிட வந்தவங்க தாரை வெட்டிக்கிட்டுப் போறாங்களா? அந்த மாதிரிதான் இதுவும். எல்லாம் ஒரு அழகுக்கு!"

முயல் திறந்து கிடந்த வாசலை ஒரு தடவை பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "சரி, கதவு வாங்கினா தாழ்ப்பாளாவது அதோட வருமா?"

பெருச்சாளி இருமியது. "அது... வாங்கும்போது பேசிக்கலாம்."

பெருச்சாளி போனதும் முயல் ஒரு கல்லை உருட்டி வந்து வாசலில் வைத்துப் பார்த்தது. இடுக்கு விழுந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேடி எடுத்து வந்து மூடிப் பார்த்தது. அதுவும் பொருந்தவில்லை. ஏன் என்று உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வாசல் மூன்று மூலையாக இருந்தது!

முயல் ஓடிப்போய்ப் பெருச்சாளியைப் பிடித்தது. "ஊர் உலகத்துல வளை வாசல் வட்டமாத்தானே இருக்கும்?"

"அதெல்லாம் போன வருஷம் தாயி! இது புது மாதிரி. மேட்டுல இருக்கற வளைக்கும் மூணு மூலைதான். இதுக்கு என் கதவு மட்டும்தான் பொருந்தும்."

"அடுத்த வருஷம்?"

"நாலு மூலை வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றது பெருச்சாளி, பெருமையாக மீசையை நீவிக்கொண்டு.

அன்று உச்சி வேளையில் காட்டுப்பூனை வந்துவிட்டது. வாசலுக்கு எதிரே சாவகாசமாக உட்கார்ந்தது.

"என்ன காதாயி, புது வீடா! பால் காய்ச்சினப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாசலைத் திறந்து வேற வச்சிருக்கே. எனக்காகவா?"

சொல்லிக்கொண்டே ஒரு காலை உள்ளே விட்டது. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. பூனையின் நகம் கடைக்குட்டியின் காதுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்தது. முயல் சட்டென்று திரும்பியது. பின்னங்கால் இரண்டாலும் தரையில் ஓர் உதை விட்டது. அவ்வளவு மண்ணும் பூனையின் கண்ணில்!

"சரி, சரி," என்றது பூனை, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "குளத்துல முகம் கழுவிட்டுச் சாயங்காலமா வர்றேன். அதுக்குள்ள கதவா முளைச்சிடப் போகுது?"

சாயங்காலத்துக்குள் இன்னொரு குவியல் கடலைக்கு எங்கே போவது? முயல் யோசித்தது. இடது காதை மடக்கி யோசித்தது. வலது காதை மடக்கி யோசித்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நேரே குளத்தங்கரை மேட்டுக்குப் போனது.

அங்கே வியாபாரம் மும்முரமாக இருந்தது. ஓர் ஆமையும், புருஷன் பெண்டாட்டியாக இரண்டு முள்ளம்பன்றிகளும் மாதிரி வளையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏமாந்துடாதீங்க!" என்றது முயல். "வளை மட்டும்தான் கொடுப்பாரு. கதவு தனியாம்! கதவையும் சேர்த்துத்தானே விக்கணும்?"

ஆமை கழுத்தை நீட்டியது. "அதெப்படி? சேர்த்து வித்தா விலை ஏறுமே! எனக்கு எதுக்குக் கதவு? தலையை உள்ளே இழுத்தா சாத்தின மாதிரி. நீ கதவு போட்டுக்க நான் ஏன் கடலை கொடுக்கணும்?"

"எனக்கும் வேண்டாம்," என்றது ஆண் முள்ளம்பன்றி. "வாசல் பக்கம் முதுகைக் காட்டி உக்காந்தா எவன் வருவான்?"

"உங்களுக்கு வேண்டாம், எனக்கு வேணும்!" என்றது அதன் பெண்டாட்டி. "போறவங்க வர்றவங்க எல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாங்க. உங்க முதுகை வேற பார்க்கணும் பாவம், அவங்களும்!"

பெருச்சாளிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பார்த்தியா தாயி! ஒருத்தருக்கு வேணும், ஒருத்தருக்கு வேண்டாம். அதான் தனியா வச்சிருக்கேன். எல்லாம் உங்க நன்மைக்குத்தான்!"

முயல் சண்டை போடவில்லை. "ஆமை சொல்றதும் நியாயம்தான்," என்றது. பிறகு கதவை மெல்லத் தடவிப் பார்த்தது. "இருந்தாலும் அண்ணாச்சி, இந்தத் தாழ்ப்பாள் உறுதியா நிக்குமா? பார்த்தா ஆடுற மாதிரி இருக்கே."

நாலு பேர் முன்னால் தாழ்ப்பாளைக் குறை சொன்னால் பெருச்சாளி பொறுக்குமா?

"ஆடுதா! உள்ளே போய்ப் போட்டுப் பாரு தாயி! நல்லா இழுத்துப் போட்டுப் பாரு!"

"பிள்ளைங்களை வெளியே விட்டா அழும் அண்ணாச்சி."

"கூட்டிக்கிட்டுப் போ! எல்லாரும் பார்க்கட்டும்!"

முயல் உள்ளே போனது. குட்டிகள் மூன்றும் உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது. 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது.

"எப்படி?" என்று பெருச்சாளி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது.

கூட்டம் தலையாட்டியது.

"போதும் தாயி, வெளியே வா."

கதவு அசையவில்லை.

"தாயி!"

"எதுக்கு வெளியே வரணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க காட்டின வளை இதுதான். நான் கடலை கொடுத்த வளையும் இதுதான். என் வீட்டுல நான் இருக்கேன்."

பெருச்சாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பத் திறக்கறியா, கதவை முட்டித் தள்ளட்டுமா?"

"முட்டினா திறந்துடுமா?" என்று பெண் முள்ளம்பன்றி கேட்டது. "இப்பத்தானே யானை முட்டினாலும் திறக்காதுன்னீங்க?"

"ஐயோ, திறக்காது! திறக்கவே திறக்காது!" என்றது பெருச்சாளி. "நான் பின்பக்கமாச் சுவரைத் தோண்டி..."

"அப்ப சுவர் பொலபொலன்னு உதிருமோ?" என்று ஆமை கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியது.

பெருச்சாளி தோண்டத் தூக்கிய காலைக் கீழே வைத்தது. முட்டித் திறந்தால் கதவு சொத்தை. தோண்டி நுழைந்தால் வளை சொத்தை. இரண்டும் செய்யாவிட்டால் முயல் உள்ளே! அது மேட்டை ஒரு தடவை சுற்றி வந்தது. இன்னொரு தடவையும் சுற்றி வந்தது. வாங்க வந்தவர்களோ போகவே இல்லை. அவர்களுக்கு வியாபாரத்தைவிட இது சுவாரசியமாக இருந்தது.

கடைசியில் அது கதவுப் பக்கம் குனிந்து தேன் குரலில் பேசியது. "தாயி, உனக்கும் ஒரு கதவு பண்ணித் தர்றேன். மூணு நாள் பொறு."

"சரி அண்ணாச்சி. மூணு நாளும் இங்கேயே பொறுத்துக்கறேன்."

"மூணு நாள் கடையை மூடவா!"

"இல்லேன்னா இந்தக் கதவையே கழட்டி என் வாசல்ல மாட்டிடுங்க. மூணு மூலைதானே, கச்சிதமாப் பொருந்தும்."

பெருச்சாளி பல்லைக் கடித்தது. "...சரி."

"தாழ்ப்பாளோட?"

"தாழ்ப்பாளோட!"

"உள்ளே கொஞ்சம் காஞ்ச புல்லு..."

"எடுத்துக்கோ தாயி! எல்லாத்தையும் எடுத்துக்கோ!"

"நான் வெளியே வந்ததும் பேச்சு மாறிட்டா?"

ஆண் முள்ளம்பன்றி உடம்பைச் சிலிர்த்தது. முட்கள் சடசடவென்று நின்றன. "நான் இருக்கேன் தங்கச்சி, நீ வா," என்றது.

சாயங்காலம் ஆனது. காட்டுப்பூனை முகம் கழுவி, மீசையைத் திருத்திக்கொண்டு வந்தது. வாசலில் மூன்று மூலைக் கதவு ஒன்று ஜம்மென்று சாத்தியிருந்தது. பூனை தள்ளியது. அசையவில்லை. முட்டியது. மண்டைதான் வீங்கியது. பிறாண்டியது. ஒரு நகம் ஒடிந்துவிட்டது.

"காதாயி, இது அநியாயம்!" என்று கத்தியது. "மத்தியானம் திறந்திருந்துச்சே!"

"மத்தியானம் வந்தவங்களை மத்தியானமே கவனிச்சு அனுப்பிட்டேனே!" என்றது முயல். குட்டிகள் உள்ளே கெக்கேபிக்கே என்று சிரித்தன. பூனை நொண்டிக்கொண்டே வேறு காடு பார்த்துப் போனது.

மறுநாள் காலை மேட்டில் மாதிரி வளை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கதவு இல்லை. புல் இல்லை. ஆமையும் முள்ளம்பன்றிகளும் மறுபடி வந்தன.

"கதவு?" என்று கேட்டது பெண் முள்ளம்பன்றி.

பெருச்சாளி ஏதோ சொல்ல வாயெடுத்தது. வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்தது. மறைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே!

"கதவு தனிங்க," என்றது சின்னக் குரலில். "வளைக்கு ஒரு குவியல். கதவோட வேணும்னா ரெண்டு."

சண்டை வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் ஆமை, "அப்படிச் சொல்லு! வெறும் வளை எனக்கு ஒண்ணு!" என்றது. பெண் முள்ளம்பன்றி, "தாழ்ப்பாளையும் அந்த ரெண்டுக்குள்ளேயே வச்சுக்கோ. எனக்குக் கதவோட ஒண்ணு," என்றது.

அன்று மத்தியானத்துக்குள் நாலு வளை விற்றுப்போயின. ஒருவர்கூடத் திரும்பி வந்து சட்டையைப் பிடிக்கவில்லை. பெருச்சாளிக்கே ஆச்சரியம்!

மூன்று நாள் கழித்து அது மாதிரி வளைக்குப் புதுக் கதவு ஒன்று பின்னியது. வாசலில் மாட்டப் போய், தயங்கி நின்றது. பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைப் பக்கத்தில் சாய்த்து வைத்தது. வாசலை மட்டும் வட்டமாக்கவில்லை. என்ன இருந்தாலும் பெருச்சாளி இல்லையா!

ஒன்றாக விற்பதும் தனித்தனியாக விற்பதும் விற்பவர் விருப்பம். ஆனால் ஒன்றாகக் காட்டிவிட்டுத் தனித்தனியாக விற்றால், அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, ஏமாற்று.