ஆவுடையப்பனின் வீதியுலா

கோயில் வலைத்தளத்தில் எல்லா உறுப்பினர்களின் முகமும் தெரிந்தது. அறங்காவலர் குழுத் தலைவர் ஆவுடையப்பனின் இடத்தில் மட்டும் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுயர ஃப்ளெக்ஸுக்குச் செய்த படத்தை அப்படியே ஏற்றச் சொன்னவர் அவர்தான். அவ்வளவு பெரிய படம் எந்த போனிலும் திறக்கவில்லை.

"இப்பவே என் முகம் வரணும். ஆனா என்னைச் சின்னதாக்கினே, உனக்கு வேலை கிடையாது!" என்று கம்ப்யூட்டர் பார்க்கும் செண்பகவல்லியிடம் குழுவின் முன்னால் கர்ஜித்தார்.

அவள் அசரவில்லை. "ஐயா, நம்ம மூலவர் என்னைக்காவது வீதிக்கு வந்திருக்காரா?"

"அவர் எப்படி வருவார்? உற்சவர்தான் வருவார்."

"உற்சவர் சின்னவராச்சேன்னு யாராவது கும்பிடாம இருக்காங்களா? உங்க பெரிய படம் இங்கேயே வீற்றிருக்கட்டும். சின்னது ஊரைச் சுத்தி வரட்டும்."

குழுவே சிரித்தது. வேறு வழியில்லாமல் தலைவர் தலையாட்டினார். சின்னப் படத்தை ஏற்றியதும் எல்லோர் போனிலும் அவர் முகம் பளிச்சென்று வந்தது.

"எழுந்தருளியாச்சு, ஐயா!" என்று நிமிர்ந்து நின்றாள் செண்பகவல்லி.

தன் முகத்தைப் பார்த்துத் தலைவரே கைகூப்பிவிட்டார்.