தோழர் மாசிலாமணியின் தர்ணா

ஆற்றின் ஒரு கரையில் ஊர் இருந்தது. மறு கரையில் ஆசிரியரின் குடில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தோழர் மாசிலாமணி பாலத்தைக் கடந்து வந்து, குடிலின் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஆசிரியரைவிட இருபது வயது மூத்தவர்.

"யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள் சமையல் செய்யும் பேச்சியம்மாள்.

"ஒருத்தரையும் பார்க்க வேண்டாம். தர்ணா."

"உண்ணாவிரதமா?"

"எனக்குச் சர்க்கரை இருக்கு. சாப்பிட்டுக்கிட்டே தர்ணா."

"அப்போ இலை போடவா?"

"போடுங்க. உப்பைக் குறைச்சுப் போடுங்க."

குடிலில் தங்கிச் சாப்பிடுகிறவர்களைச் சீடர் என்பது அங்கே வழக்கம். ஆகவே அன்று மதியம் முதல் அவரும் சீடர் ஆனார். இதை வன்மையாகக் கண்டிப்பதாக அவர் பேச்சியம்மாளிடம் தெரிவித்தார். அவள் மோர் ஊற்றினாள்.

மாலையில் ஆசிரியர் வந்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

"சாமின்னு கூப்பிட மாட்டேன்" என்றார் மாசிலாமணி.

"வேண்டாம்."

"ஆசிரியர்னு கூப்பிடுவேன். அறிவு சொல்றவங்க யாரா இருந்தாலும் எனக்கு ஆசிரியர்தான்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வைக்கத்தான் உட்கார்ந்திருக்கேன்."

பிறகு அவர் தன் கேள்வியைக் கேட்டார். கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் கேட்டார். அவருக்கு வேறு விதமாகப் பேச வராது.

"சோலைமுத்து என் பள்ளித் தோழன். ஆறாம் வகுப்புலேர்ந்து ஒரே பெஞ்சு. போருக்குப் போனான். போகும்போது மாலை போட்டு ரயில் ஏத்தினாங்க. வரும்போது ஸ்டேஷன்ல ஒரு நாதி இல்லை. அரசாங்கம் பார்க்கலை, சொந்தக்காரன் பார்க்கலை. நான் பார்த்தேன். அவன் ஓய்வூதியத்துக்கு ஊர்வலம் விட்டேன், சிறைக்குப் போனேன். மேடையில எனக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்குத்தான். கடைசியில என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஆத்தைத் தாண்டி உங்ககிட்ட வந்துட்டான். போன மாசம் காய்ச்சல் வந்து இங்கேயே செத்தும் போயிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடல்ல அவனுக்கு நினைவுக் கூட்டம். நான்தான் சிறப்புரை. என்னை விட்டுட்டு அவன் ஏன் இங்கே வந்தான்? அது தெரியாம நான் மைக்கைப் பிடிக்க முடியாது."

"இங்கே வந்ததும் அவர் கேட்டது கழிப்பறை எங்கேன்னு" என்றார் ஆசிரியர். "காட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தங்கிட்டார்."

"இது ஒரு பதிலா?"

"நடந்தது அதுதான்."

மாசிலாமணி துண்டை உதறிவிட்டு மறுபடி விரித்தார்.

மறுநாள் ஆசிரியர் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அங்கேயும் போய் நின்றார்.

"போர் முடிஞ்சா கொடியை மடிச்சு வைக்கிறாங்க. மனுஷனை மடிச்சு வைக்க இடம் இல்லை" என்றார்.

"நல்லா இருக்கு."

"நான் எழுதின துண்டறிக்கையில வந்தது. இருபதாயிரம் பிரதி போச்சு."

"அவர் படிச்சாரா?"

"அவன் எங்கே படிச்சான்? மக்குப் பய. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். பள்ளிக்கூடத்துல அவன் பாடத்தையும் நான்தான் வாசிச்சுக் காட்டணும். சைக்கிள் கொட்டகையில உட்கார்ந்து வரலாறு பூரா வாசிப்பேன். ரெண்டாவது பக்கத்துலேயே தூங்கிருவான், கழுதை. தலையில ஒண்ணு போட்டு எழுப்பி மறுபடி முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பேன். அவனைத் தூங்க விட்டதுக்கு வாத்தியார் எனக்கும் சேர்த்து அடி கொடுப்பார்."

"போர்லேர்ந்து வந்த பிறகு?"

"அதுக்குப் பிறகு ஏது தூக்கம்? கண்ணை மூடினா அலறுவான். ராவெல்லாம் தெருவுல நடப்பான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூங்குச்சு, அவன் தூங்கலை. அதையும் நான் சும்மா விடலை. மேடைக்கு மேடை சொன்னேன். 'தூக்கம் பறிபோன இந்தக் கண்களைப் பாருங்கள்' அப்படின்னு கையை நீட்டுவேன். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டும்."

"அவர் என்ன செய்வார்?"

"அவன் என்ன செய்வான்? உட்கார்ந்திருப்பான்."

ஆசிரியர் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். "சாப்பாடு ஆயிடுச்சு" என்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"இன்னைக்குக் கீரை."

புதனும் வியாழனும் இப்படியே போயின. மாசிலாமணி எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவர். கதவைச் சாத்துகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கீரை ஆய்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

"உங்க ஆசிரியர் கல்லு" என்றார் பேச்சியம்மாளிடம்.

"கல்லுன்னா ஏன் அதுகிட்ட பேசிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மதியம் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வந்து குடிலில் சாப்பிடுவார்கள். அன்றும் வந்திருந்தார்கள். பந்தியில் மாசிலாமணி தரையில் உட்காரப் போனார். ஆசிரியர் அவர் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு மாலையைப் போட்டார். பிறகு பந்தியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"இவர் தோழர் மாசிலாமணி. ஏழைகளுக்காகத் தடியடி பட்டவர். இந்த முழங்காலைப் பாருங்க. தோழர், வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்குங்க. எலும்பு எப்படிக் கோணிப் போயிருக்கு பாருங்க. இன்னைக்கும் இவரால சம்மணம் போட முடியாது."

"அய்யோ பாவம்" என்றாள் ஓர் அம்மாள்.

"கக்கூஸ் போறது கஷ்டமா இருக்குமே" என்றார் அவள் கணவர்.

"கஷ்டம்தான்" என்றார் ஆசிரியர். "முட்டி மடங்காது. எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க."

சோற்றுக் கையை மேலே வைத்துக்கொண்டு எல்லாரும் எப்படியோ தட்டினார்கள். மாசிலாமணியின் முன்னால் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் விடவில்லை. முதல் தடியடி, இரண்டாம் தடியடி என்று போய்க்கொண்டே இருந்தார். பின்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்து முழங்காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தொட்டுக் கும்பிட்டார்.

மாசிலாமணி மாலையைக் கழற்றி எறிந்தார்.

"நிறுத்துங்க. என் காலைக் காட்டி நீங்க பேர் வாங்குறீங்களா?"

"உங்களுக்கு நல்லதுக்குத்தானே பேசினேன்."

"நல்லதோ கெட்டதோ, நான் இங்கே மனுஷன் உட்கார்ந்திருக்கேன். என்னைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்றீங்க. சாப்பிடறியான்னு என்னை ஒரு வார்த்தை..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

ஆசிரியர் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார். பேச்சியம்மாள் சூடாக வேறு சாம்பார் கொண்டுவந்தாள். மாசிலாமணி அதைத் தொடவில்லை.

மாலையில் ஆசிரியர் ஆற்றுப் படித்துறைக்குப் போனார். மாசிலாமணி நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

"நீங்க காட்டினது எனக்கு விளங்காம இல்லை" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நான் அவனை மேடையில உட்கார வெச்சதாலதான் ஓய்வூதியம் வந்தது. உங்க மௌனத்தால வரலை."

"உண்மை."

"அவனோட சேர்த்து இன்னும் எத்தனையோ பேருக்கு வந்தது."

"அதுவும் உண்மை."

"அப்போ நான் செஞ்சது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லலை. அவரும் சொன்னதில்லை."

"அவன் எதைத்தான் சொன்னான்? கோபம்னா வந்து திட்டியிருக்கலாம். அவனுக்கு இல்லாத உரிமையா? இங்கே வந்த பிறகு இத்தனை வருஷத்துல ஒரு கூட்டத்துக்கு வந்தானா?"

எதிர்க்கரைத் திடலில் ஒலிபெருக்கி கரகரத்தது. நினைவுக் கூட்டம் தொடங்கிவிட்டது. மாசிலாமணி வரும்வரை கிளைச் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். ஆற்றின் மேல் காற்று குறுக்கே வீசியது. ஓர் இரைச்சல்போலக் குரல் வந்தது. ஏறியது, இறங்கியது.

மாசிலாமணி காதை அந்தப் பக்கம் திருப்பினார்.

"என்ன பேசித் தொலைக்கிறான்? ஒரு வார்த்தை விளங்கலை. குழாயை ஆத்தைப் பார்த்துக் கட்டுடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஒருத்தன் கேட்கறதில்லை."

"இங்கே எப்பவும் இப்படித்தான் கேட்கும்" என்றார் ஆசிரியர். "சோலைமுத்துவுக்கு இந்தப் படிதான். உங்க கூட்டம் ஒண்ணைக்கூட அவர் விட்டதில்லை."

மாசிலாமணி அவரைப் பார்த்தார்.

"நீங்க பேசுற நாள்னா மத்தியானத்துலேர்ந்தே ஒரு வேலையும் ஓடாது. விளக்கு வைக்கிறதுக்கு முன்னால துண்டை எடுத்துக்கிட்டு வந்து இங்கே படுத்துருவார்."

"இங்கேயா? இங்கே ஒண்ணும் விளங்காதே. பாலத்தைத் தாண்டினா திடல். அங்கேயே வந்து ஒரு மூலையில நின்னிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

எதிர்க்கரையில் மாசிலாமணியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவர் அசையவில்லை.

"'அங்கே போனா மாசி பேசுறது கேட்கும் சாமி'ன்னார். 'இங்கேன்னா மாசி குரல் மட்டும்தான் வரும். ரெண்டாவது பக்கத்துலேயே தூக்கம் வந்துரும்.'"