மானின் காதுக்குப் பின்னால் மூங்கில் சிலாம்பு

கல்லாற்றங்கரைக் காட்டில் கொன்றை என்றொரு பெண் புள்ளிமான் இருந்தது. மான் கூட்டத்துக்கு அதுதான் முன்னத்தி. மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னே போகிற மானின் வெள்ளை வாலைப் பார்த்துக்கொண்டே மற்றவை பின்னால் போகும். எங்கே, எதற்கு என்று ஒன்றும் வாய் திறந்து கேட்காது. நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா? பொறுங்கள், தெரியும்.

ஒரு கோடையில் காட்டில் தீப்பிடித்தது. எரிந்த மரம் ஒன்று பக்கத்தில் வெடித்து விழுந்ததில் கொன்றைக்குக் காது போய்விட்டது. கண்ணும் மூக்கும் கூர்மையாக இருந்ததால் கூட்டத்தை நடத்திக்கொண்டுதான் இருந்தது. பெரியவர்கள் எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஆனால் தீக்குப் பிறகு பிறந்த குட்டி துள்ளன் எங்கே ஓரிடத்தில் நிற்கும்! புதருக்குப் பின்னாலிருந்து அது அம்மாவைக் கூப்பிடும். அம்மாவோ புல் மேய்ந்துகொண்டிருக்கும். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும், சொல்லுங்கள்!

அந்தக் காட்டில் ஒரு நரி வைத்தியம் பார்த்துவந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, அது கொன்றையைத் தேடி வந்தது.

"தாயே, உன்னைப் பார்க்கவே மனசு பொறுக்கவில்லை! காதுக்குப் பின்னால் தோலைக் கீறி, மெல்லிய மூங்கில் சிலாம்பு ஒன்றை எலும்போடு ஒட்டி வைத்துவிடுகிறேன். ஓசையெல்லாம் எலும்பு வழியாகக் கேட்கும்!"

"அது வேறு ஏதாவது செய்யுமா, வைத்தியரே?"

"தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று நரி சிரித்தது.

கொன்றை கேட்டது நல்ல கேள்வி. நரி அதற்குப் பதிலே சொல்லவில்லை. ஆனால் கொன்றையின் கண் அப்போது குட்டியின் மேல் இருந்தது.

"சரி, வையுங்கள்" என்றது.

நரி சொன்னது பொய்யில்லை. புண் ஆறியதும் ஒரு காலையில், "அம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. அந்த மெல்லிய, கொஞ்சம் பிசிறடித்த குரலை முதல் தடவையாகக் கேட்ட கொன்றை நின்ற இடத்திலேயே அழுதுவிட்டது.

கொஞ்ச காலம் போயிற்று. ஒரு நண்பகலில் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கொன்றையின் தலைக்குள் ஒரு ரீங்காரம் எழுந்தது. மண்டை பிளந்துவிடும் போல வலி! கிழக்கே திரும்பியது, வலி கூடியது. வடக்கே திரும்பியது, இன்னும் கூடியது. நாணற்காட்டுப் பக்கம் திரும்பினால் மட்டும் வலி குறைந்தது. வலி குறைகிற பக்கமாகவே கால்கள் நடந்தன.

முன்னே வால் போயிற்று. பின்னாலேயே கூட்டமும் போயிற்று.

நாணலுக்குள் சிறுத்தை படுத்திருந்தது. பாய்ந்தது. முல்லை என்ற மானின் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அதே நேரம் கொன்றையின் தலைவலியும் நின்றுவிட்டது.

கொன்றை நேரே நரியின் குகைக்கு ஓடியது.

"என் தலைக்குள் என்னத்தை வைத்தாய்?"

நரி மறைக்கக்கூட இல்லை. "அந்த மூங்கிலின் மறுபாதி என்னிடம் இருக்கிறது. இதை நான் தட்டினால் உன் தலையில் அதிரும், நான் இருக்கிற பக்கம் வந்தால்தான் வலி குறையும். நீ வந்தால் கூட்டமே வரும். சிறுத்தைக்கு விருந்து, எனக்கு மிச்சம்! உன் குட்டியைத் தொட விடமாட்டேன். போதாதா?"

"எடு அதை! இப்போதே எடு!"

"எடுக்க மாட்டேன். அது என் மூங்கில். இருக்கிற இடம்தான் உன் தலை. எடுத்தால் பிள்ளையின் குரலும் போய்விடும், யோசித்துக்கொள்!"

கொன்றை திரும்பி வந்து கூட்டத்தின் நடுவே நின்று நடந்ததையெல்லாம் சொன்னது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. கிளைக்கொம்பன் என்ற பெரிய கலைமான் கொதித்துப்போயிற்று.

"பிடியுங்கள் அவளை! என் கொம்பாலேயே கிழித்து எடுக்கிறேன்!"

கலைமான்கள் சுற்றி வளைத்தன. துள்ளன் தாயின் வயிற்றுக்கடியில் ஒடுங்கியது. கொன்றை ஓடவில்லை.

"நில்லுங்கள் அண்ணா! உங்கள் கோபம் நியாயம்தான். முல்லை, உன் குட்டியைக் கொண்டுபோய் விட்டது என் வால்தான். அந்தப் பாவம் என்னை விடாது. இனிமேல் நான் முன்னே போகமாட்டேன், யாரும் என் பின்னால் வரவேண்டாம். ஆனால் நரி பாதி உண்மையை மறைத்து வைத்தது. நீங்களோ ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கப் பார்க்கிறீர்கள். இது யாருடைய தலை என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லையே!"

குட்டியை இழந்த முல்லைதான் கடைசியில் முன்னே வந்தது. அழுது அழுது அதன் முகம் வீங்கியிருந்தது.

"விடுங்கள் அண்ணா. அவள் தலை. அவளே சொல்லட்டும்."

கிளைக்கொம்பன் கொம்பைத் தாழ்த்தி விலகியது.

கொன்றை யோசித்துப் பார்த்தது. சிலாம்பை வைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு ஒதுங்கிக் குட்டியோடு வாழலாம். குரல் இருக்கும். நரியின் தட்டலும் இருக்கும். என்றைக்கோ ஒருநாள் துள்ளனும் இந்த வாலைப் பார்த்துத்தானே பின்னால் வரும்?

சிலாம்பை எடுக்கச் சொல்லி, பக்கத்து மரத்தில் இருந்த ஒரு மரங்கொத்தியைக் கொன்றை அழைத்தது. பிறகு குட்டியிடம் குனிந்தது.

"துள்ளா, அம்மாவை ஒரு தடவை கூப்பிடு."

"அம்மா!"

"இன்னொரு தடவை, கண்ணு."

"அம்மா!"

மரங்கொத்தி காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. "எடுக்கட்டுமா? வேண்டாம் என்றால் இப்போதுகூட விட்டுவிடுகிறேன்" என்றது.

அந்த நேரம் பார்த்து ரீங்காரம் மறுபடி எழுந்தது. கொன்றை நான்கு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டது.

"எடு" என்றது.

அலகு இறங்கியது. இரத்தம் வழிந்தது. சிலாம்பு வெளியே வந்து விழுந்தது. அத்தோடு காட்டின் ஓசையெல்லாம் நின்றது. துள்ளனின் வாய் திறந்து மூடியது. கொன்றை அதைப் பார்த்துக்கொண்டே நின்றது.

குட்டிக்குப் புரிந்துவிட்டது. அது முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தது. மண் வழியாகக் கொன்றையின் குளம்புக்கு அந்த அதிர்வு வந்து சேர்ந்தது. கொன்றை ஓடிப்போய்க் குட்டியின் முகமெல்லாம் நக்கியது.

நாணற்காட்டில் நரி தட்டிக்கொண்டே இருந்தது.

"எங்கே மான்?" என்று சிறுத்தை கேட்டது.

"இதோ வரும், வரும்!"

பொழுது சாய்ந்தது. மான் வரவில்லை. பசித்த சிறுத்தை மெல்லத் திரும்பி நரியைப் பார்த்தது. மூங்கில் தட்டுகிற சத்தம் அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கேட்கவே இல்லை.

உடம்புக்குள் ஒன்றை வைப்பதானாலும் எடுப்பதானாலும், முழு உண்மையையும் சொல்லி அந்த உடம்புக்குரியவரின் சம்மதத்தைப் பெறவேண்டும். உதவி செய்தவர் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.