ஆற்றைத் தாண்டிய சிரிப்பு

முன்னொரு காலத்தில், சட்டம் ஆற்றை நீந்திக் கடக்காது என்று ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்கள். இக்கரைக்கு ஒரு ராஜா, அக்கரைக்கு ஒரு ராஜா. அக்கரையில் மட்டும் அரசரைப் பார்த்துச் சிரித்தால் நாக்கை அறுப்பார்கள்.

ஒருநாள் இக்கரை ஓடக்காரி வெள்ளச்சி எதையோ பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்கரை ராஜாவின் காதில் விழுந்துவிட்டது. மறுநாளே தூதர் வந்து, அவளை ஒப்படைக்கச் சொன்னார்.

நம் இக்கரை ராஜாவுக்கோ அக்கரை ராஜா வீட்டில் தன் பெண்ணைக் கொடுக்க ஆசை. விகடகவி சடையாண்டியைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் ஆனந்தவரதர், இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மகாராஜா, சிரிப்பு எங்கே பிறந்தது என்பதல்ல, எங்கே கேட்டது என்பதே முக்கியம். கேட்ட நாட்டின் சட்டமே செல்லும். தீர்ப்பைச் சடையாண்டியே சொல்லட்டும்."

ராஜாவுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. தூதர் மனமும் கோணக்கூடாது, தன் கௌரவமும் குறையக்கூடாது, தவறினால் சடையாண்டியும் வெள்ளச்சியோடு அக்கரைக்கு ஓடம் ஏற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். சடையாண்டி விசாரணையை ஆற்றங்கரையில் வைக்க மட்டும் அனுமதி கேட்டான்.

கரையில் ராஜா, அமைச்சர், தூதர் முன்னால் வெள்ளச்சி கைகூப்பிக்கொண்டு நின்றாள். "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன் சாமி. அது அந்தாண்ட போயிரும்னு நான் கண்டனா?"

அவளைப் பார்க்கச் சடையாண்டிக்குப் பாவமாக இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்படி தூதரைப் பணிவாகக் கேட்டான்.

தூதர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் மன்னர் யானையிலிருந்து இறங்குகையில் சேற்றில் அமர்ந்துவிட்டார். பிறகு எழுந்தார். பட்டு வேட்டி எழவில்லை."

நம் ராஜா வெடித்துச் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்கரைக் காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகாராஜா, அக்கரைக்குக் கேட்டுவிட்டது," என்றான் சடையாண்டி. "அமைச்சர் சொன்ன நியாயப்படி இப்போது இரண்டு நாக்குகள் அனுப்ப வேண்டும். எதை முதலில் அனுப்புவது?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு அமைச்சரைப் பார்த்தார். ஆனந்தவரதருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆழ்ந்து யோசித்ததில், சிரித்த வாய் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரைச் சட்டமே செல்லும் என்று தெரியவருவதாகச் சொன்னார். அவ்வளவு படித்தவர், அதை யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்படியானால் வெள்ளச்சி வீட்டுக்குப் போகலாம்," என்றான் சடையாண்டி.

ராஜா மறுபடியும் சிரித்தார், இம்முறை பயமில்லாமல். முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். தூதர் மனம் கோணாதிருக்க என்ன செய்யலாம் என்று அவனையே கேட்டார். அவன் சொன்னபடி, அக்கரை மன்னருக்கு ஒரு புதுப் பட்டு வேட்டியும், அது இடுப்பிலேயே நிற்கும்படி ஒரு தங்க அரைஞாணும் அனுப்பிவைத்தார்.