பொறுமை வகுப்பில் தூங்கியவர்கள்

அவிநாசிப் பக்கம் மயிலம்மாவின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தபோது வெள்ளியங்கிரிக்கு அறுபத்து மூன்று வயது. குருவுக்கு ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை. முப்பது வருடம் வேளாண் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர் வெள்ளியங்கிரி. ஆள் கிடைத்தால் போதும், பாடம் எடுத்துவிடுவார். ஆசிரமத்துச் சமையல்காரர் அவர் தலையைக் கண்டாலே பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மயிலம்மா சொன்னதும் முதலில் உயர்ந்த கை அவருடையதுதான். பிள்ளைகளை மயிலம்மாவும் தொண்டர்களும் வேப்பமரத்தடியில் பார்த்துக்கொள்வது, பெற்றோருக்கு அவர் கூடத்தில் ஒரு மணிநேரம் வகுப்பு எடுப்பது என்று முடிவாயிற்று. தலைப்பையும் அவரே வைத்தார்: பொறுமையின் ஏழு படிகள்.

முதல் வாரம் பதின்மூன்று பேர் வந்தார்கள். பதினொரு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள். இரண்டாம் படியிலேயே முன்வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. நாலாம் படியில் ஒரு அப்பா குறட்டை விட்டார். ஏழாம் படிக்கு வெள்ளியங்கிரி தனியாகத்தான் ஏறினார்.

இரண்டாம் வாரம் எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்துப் பார்த்தார். குடித்துவிட்டுத் தூங்கினார்கள். மூன்றாம் வாரம் நின்றுகொண்டே கேளுங்கள் என்றார். ருக்குமணி என்ற அம்மா தூணில் சாய்ந்து, நின்றபடியே தூங்கினார். மனுஷனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் மைக்கை அணைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் ருக்குமணியின் மகள் கயல், மயிலம்மாவின் செருப்பை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பேச்சு வராது. நினைத்துக்கொண்டாற்போல் எழுந்து வெளிக்கதவை நோக்கி ஓடுவாள். மயிலம்மாவும் வெறுங்காலோடு கூடவே ஓடித் திரும்புவார்.

“இந்த வகுப்பு வேண்டாமுங்கம்மா. இன்னைக்கோட நிறுத்திரலாம்.”

“ஏனுங்க?”

“ஒருத்தருக்கும் அக்கறை இல்லீங்க. மூணு வாரமாத் தூங்கறாங்க. இதுல பொய் வேற.” போன வாரம் எழுதி வாங்கிய கருத்துப் படிவங்களை நீட்டினார். “பதிமூணு பேரும் ‘மிக நன்று’ன்னு எழுதியிருக்காங்க. நேரத்த ரெண்டு மணியாக் கூட்டோணுமாம்!”

“பொய்யின்னு எப்படிச் சொல்றீங்க?”

“தூங்கினவங்களுக்கு வகுப்பு நல்லாருந்துச்சான்னு எப்படிங்கம்மா தெரியும்?”

அதற்குள் கயல் எழுந்து ஓடினாள். “இந்தத் தடவை நீங்க போங்க” என்றார் மயிலம்மா. வெள்ளியங்கிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கதவருகே அவளைப் பிடித்து அழைத்து வந்தபோது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவசரத்தில் அவர் நழுவவிட்ட படிவங்கள் வாளிக்குள் கிடந்தன.

அப்போது கூடத்திலிருந்து ருக்குமணி தலைமுடி கலைந்து ஓடிவந்தார். கயலைப் பார்த்ததும்தான் நின்றார்.

“என்னாச்சுங்க சார்? பேச்சு நின்னுதுங்களா, திக்குன்னு முழிச்சுட்டனுங்க.”

“பேசினப்ப முழிக்கலியே! இதுவரைக்கும் என்ன கேட்டீங்க, சொல்லுங்க பாக்கலாம்.”

“ஒண்ணும் கேக்கலீங்க. கோவிச்சுக்காதீங்க.” ருக்குமணி கையைப் பிசைந்தார். “வீட்டுல கண்ணசந்தா இவ ரோட்டுக்கு ஓடிருவாளுங்க. நானும் அவங்கப்பாவும் மாத்தி மாத்தி முழிச்சிருப்போம். இங்க உங்க சத்தம் கேட்டுட்டே இருந்தா, வகுப்பு நடக்குது, புள்ளைய அம்மா பாத்துக்கறாங்கன்னு மனசுக்குத் தெரியுதுங்க. கண்ணு தானாச் சொக்கிருது. ஒம்பது வருசத்துல பயமில்லாமத் தூங்கினது இந்த மூணு சனிக்கிழமதானுங்க. நிறுத்திராதீங்க சார்.”

வெள்ளியங்கிரிக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

மயிலம்மா கயலின் கையை ஒரு தொண்டரிடம் கொடுத்தார். சாமான் அறைக்குப் போய்ப் பாய்களை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். வெள்ளியங்கிரி தலையணைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். கூடத்தில் விழித்துக்கொண்ட பன்னிரண்டு பேரும் திருதிருவென்று பார்த்தார்கள். மயிலம்மா பாய்களை வரிசையாக விரித்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

“எல்லாம் சரிங்கம்மா” என்றார் வெள்ளியங்கிரி, இன்னும் மனசு ஆறாமல். “கேக்கறவங்க படுத்துத் தூங்கிட்டா, பேசறவன் என்னதான் பண்றதுங்க?”

மயிலம்மா மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“மெதுவாப் பேசோணும்.”